மட்டாஞ்சேரி: மிளகுக் கடலின் இக்கரையில் ஒரு கோடை விடுமுறை

கோடை விடுமுறையில் நான்கைந்து நாள்களை மத்தியதரைக் கடலோர ஊர் ஒன்றில் கழிக்க வேண்டும் என்னும் ஆசை, திரைப்படப் பாடல் காட்சிகளாலும் சுற்றுலா நிறுவனங்களின் விளம்பரங்களாலும் வளர்க்கப்பட்டு, இன்று தமிழகத்தின் சிறு நகரங்கள் வரை வந்து சேர்ந்திருக்கிறது. சான்டோரினியின் வெள்ளைச் சுவர்களையும் அமால்ஃபியின் மலைச்சரிவு வீடுகளையும் டுப்ரோவ்னிக்கின் மதிலையும் விரும்பாதவர் இல்லை. எனினும் திட்டமிட உட்காரும்போது கணக்கு வேறாகிவிடுகிறது. ஷெங்கன் விசா எனப்படுவது ஐரோப்பாவின் 29 நாடுகளுக்குப் பொதுவான நுழைவு அனுமதி. அதற்குப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம் என்றும், குறைந்தது பதினைந்து நாள்களுக்கு முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும் என்றும் விதி இருக்க, 2024 ஜூன் முதல் பெரியவர் ஒருவருக்கான கட்டணம் 90 யூரோவாகவும், கட்டாய மருத்துவக் காப்பீட்டின் குறைந்த அளவு 30,000 யூரோவாகவும் உள்ளன. போவதற்கும் வருவதற்குமே இரண்டு நாள்கள் கரைந்துவிடும் பயணத்தில், நான்கு நாள் விடுமுறைக்காக இவ்வளவையும் செய்வது பொருந்தாத செலவு என்றே சொல்ல வேண்டும்.

போய்ச் சேர்ந்த பின்னும் கோடை அங்கே பழைய கோடையாக இல்லை. 2023 ஜூலையில் வெப்ப அலை காரணமாக ஏதென்ஸ் நகரின் அக்ரோபோலிஸ் குன்று நண்பகல் வேளைகளில் பார்வையாளருக்கு மூடப்பட்டது. வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் முதல், கூட்டம் மிகுந்த நாள்களில், தங்காமல் ஒரே நாளில் வந்து திரும்புவோரிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் பார்சலோனாவில் ஊர் மக்கள் ஊர்வலமாகச் சென்று, உணவகங்களில் அமர்ந்திருந்த சுற்றுலாப் பயணிகள் மீது தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சி அடித்துத் தங்கள் வெறுப்பைக் காட்டினார்கள். வீட்டு வாடகை உயர்ந்து தாங்களே ஊரை விட்டு வெளியேற நேர்ந்தவர்களின் கோபம் அது என்பதால், அதில் நியாயமும் இருந்தது.

அந்த ஊர்களில் மனம் தேடுவது எது என்று கேட்டுக்கொண்டால் திட்டம் தெளிவடையும். மணலும் நீலக் கடலும் மாலத்தீவிலும் உண்டு. மத்தியதரைக் கடலோர ஊர்களுக்கே உரிய கவர்ச்சி அவற்றின் பழந்துறைமுகத் தன்மையில் இருக்கிறது: பல நாட்டு வணிகர் வந்து தங்கி, ஒருவர் சுவரோடு ஒருவர் சுவர் ஒட்ட வீடும் கோயிலும் கட்டி, தெருக்களைக் குறுக்கி, சமையலைக் கலந்து, சில நூற்றாண்டுகளில் ஒரே ஊராக இறுகிப்போன தன்மை அது. இத்தகைய ஊர், தமிழகத்தின் பெரும்பாலான இடங்களிலிருந்து ஓர் இரவு ரயில் பயணத் தொலைவில், கொச்சி மாநகரின் ஒரு பகுதியாகிய மட்டாஞ்சேரியில் இருக்கிறது. இதைக் 'கிழக்கின் இன்னது' என்று ஏதேனும் ஐரோப்பிய ஊரின் பெயரால் அழைக்கும் வழக்கம் விடுதி உரிமையாளர்களுக்கு மட்டுமே பயன்படுவது; மட்டாஞ்சேரி யாருடைய நகலும் இல்லை. அலெக்சாந்திரியாவையும் வெனிஸையும் வளர்த்த அதே மிளகு வணிகம் இந்தக் கரையில் எழுப்பிய ஊர் என்பதே இதற்குரிய சரியான அறிமுகம்.

அந்த வணிகத்தின் முதல் துறைமுகம் கொச்சி அன்று. அதற்கு வடக்கே பெரியாற்றின் கழிமுகத்தில் இருந்த முசிறி. யவனர் என்று சங்கப் பாடல்கள் குறிப்பிடும் கிரேக்க, ரோமானிய வணிகர்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடல் பதிவுசெய்திருக்கிறது. மறுபக்கத்துச் சான்றும் உண்டு. இன்று வியன்னாவில் பாதுகாக்கப்படும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஆவணம் ஒன்று, ஹெர்மபோலன் என்னும் கப்பலில் முசிறியிலிருந்து ஏற்றிவந்த யானைத் தந்தம், நறுமணப் பொருள் முதலியவற்றின் கணக்கையும் அவ்வணிகத்துக்காக வாங்கிய கடனின் நிபந்தனைகளையும் பேசுகிறது. எகிப்தின் செங்கடல் துறையான குசேர் அல்-காதிமில் கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் கீறப்பட்ட பானை ஓடுகள் கிடைத்திருப்பதால், பயணம் ஒருவழிப் பயணமாக மட்டும் இருக்கவில்லை என்பதும் உறுதிப்படுகிறது.

அக்காலப் பயணத் திட்டத்தையே எழுதிவைத்தவர் ரோமானிய அறிஞர் பிளினி. கோடையின் நடுவில் எகிப்திலிருந்து புறப்பட வேண்டும், செங்கடலின் வாயிலில் உள்ள ஒசேலிஸ் துறையிலிருந்து பருவக்காற்றைப் பிடித்தால் நாற்பது நாளில் முசிறியை அடையலாம், டிசம்பர் வாக்கில் திரும்பக் கிளம்ப வேண்டும் என்றெல்லாம் வழிசொல்லிவிட்டு, முசிறி இறங்குவதற்கு நல்ல துறை அன்று என்று எச்சரிக்கையும் செய்கிறார். கடற்கொள்ளையர் அருகில் இருந்தனர் என்பது ஒரு காரணம். கப்பல் நிற்கும் இடம் கரையிலிருந்து தொலைவில் இருந்ததால் சரக்கைச் சிறு படகுகளில் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது என்பது மற்றொரு காரணம். இந்த இரண்டாவது குறை நினைவில் வைக்கத்தக்கது. 1341இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் முசிறிப் பகுதியின் முகத்துவாரத்தை மணலால் தூர்த்து, தெற்கே கொச்சியின் வாயிலைத் திறந்துவிட்டது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். வணிகம் இடம் மாறியது, ஆனால் வாயிலில் மணல்திட்டு கிடந்ததால் பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நிற்க வேண்டிய நிலை கொச்சியிலும் தொடர்ந்து, இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது.

1500 டிசம்பரில் போர்த்துக்கீசியத் தளபதி கப்ரால் கொச்சிக்கு வந்து மிளகு ஏற்றிச் சென்றபோது, அலெக்சாந்திரியா வழியாக மிளகு வாங்கி ஐரோப்பாவுக்கு விற்றுச் செழித்திருந்த வெனிஸ் நகரம் கலங்கியது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த மிளகு லிஸ்பனில் இறங்கிய செய்தி கேட்டு, வெனிஸ் வணிகர் ஜிரோலாமோ பிரியுலி அந்த நகரத்துக்கு இதைவிடக் கெட்ட செய்தி வர முடியாது என்னும் பொருள்படத் தம் நாட்குறிப்பில் எழுதினார். பழைய மத்தியதரைப் பாதை உடனே அழிந்துவிடவில்லை; அதே நூற்றாண்டிலேயே அது ஓரளவு மீண்டெழுந்தது. ஆயினும் 1503இல் போர்த்துக்கீசியர் கொச்சிக் கடலோரத்தில் கோட்டை எழுப்பியதோடு ஊரின் வடிவம் நிலைபெற்றுவிட்டது: கடல் பக்கம் ஐரோப்பியரின் கோட்டை, காயல் பக்கம் அரசரின் அரண்மனையும் வணிகரின் சந்தையும். 1663இல் டச்சுக்காரர்களும் 1795இல் ஆங்கிலேயரும் கைப்பற்றியது கோட்டையை. மட்டாஞ்சேரி கொச்சி அரசருடையதாகவே இருந்தது.

கோட்டைக் கொச்சி ஆங்கிலேயரின் மலபார் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டு, 1956 நவம்பரில் கேரள மாநிலம் உருவாகும் வரை சென்னையின் ஆட்சியில் இருந்தது என்பதைத் தமிழ் வாசகர் பலர் அறிந்திருப்பதில்லை. அதுவும் மட்டாஞ்சேரியும் எர்ணாகுளத்தோடு இணைந்து கொச்சி மாநகராட்சி ஆனது 1967இல். இதைவிடப் பழைய தமிழ்த் தொடர்பும் ஒன்று உண்டு. தமிழில் அச்சான தொடக்க கால நூல்களில் ஒன்றாகிய 'கிரீசித்தியானி வணக்கம்' 1579இல் கொச்சியில் இருந்த இயேசு சபைக் கல்லூரியில் அச்சிடப்பட்டது. அதற்கு ஓராண்டு முன் கொல்லத்தில் வெளியான 'தம்பிரான் வணக்கம்' மட்டுமே இந்திய மண்ணில் தமிழெழுத்தில் அச்சானவற்றுள் அதற்கு மூத்தது. அச்சுக்கூடம் இருந்த இடத்தைக் காட்டும் பலகை ஒன்றையாவது தமிழ்நாட்டு அரசு கேட்டு வாங்கி வைக்கலாம்.

இனிப் பருவம். மத்தியதரைக் கரையில் கோடை வறண்டது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையே காண்பது அரிது. கொச்சியின் நிலை நேர் எதிரானது. மலையாளிகள் இடவப்பாதி என்று அழைக்கும் தென்மேற்குப் பருவமழை ஜூன் 1ஐ ஒட்டித் தொடங்குவது வழக்கம் என்பதால், கோடைப் பயணத்துக்குரிய காலம் ஏப்ரல் பிற்பகுதியும் மே மாதமுமே. அப்போது வெயில் 33 டிகிரி செல்சியஸைப் பெரிதும் தாண்டுவதில்லை; மதுரையிலும் வேலூரிலும் 40ஐத் தொடும் நாள்களோடு ஒப்பிட்டால் இது குறைவே. எனினும் காற்றின் ஈரப்பதம் மிகுதியாக இருப்பதால் வியர்வை உலராமல் உடம்பு தளரும். இடியோடு கூடிய கோடை மழை மாலையில் திடீரென்று வரும். காலை ஆறு மணி முதல் ஒன்பது வரையிலும், கடற்காற்று வீசத் தொடங்கிய பின் மாலை நான்குக்கு மேலும் நடப்பது, இடைப்பட்ட நேரத்தைக் கூரைக்குக் கீழே கழிப்பது என்று நாளை வகுத்துக்கொள்ள வேண்டும். ஸ்பெயின், இத்தாலி நாட்டவர் நண்பகலில் கடையடைத்து உறங்குவதும் இதே காரணத்தால்தான்.

மீன் விரும்பிகளுக்கு இக்காலம் தனிப்பட்ட நன்மை உடையது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை விதிக்கும் முறைப்படி, தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடி நின்றுவிட, கேரளத்தில் அத்தடை ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை இறுதி வரை 52 நாள்கள் நீடிக்கிறது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் மீன் விலை ஏறிக் கிடக்கும் மே மாதத்தில் கொச்சியின் மீன் துறைகள் நிரம்பியிருக்கும் என்பதால், பயணத்தை ஜூன் 9க்குள் முடித்துக்கொள்வது நாவுக்கும் நல்லது.

போய்ச் சேரும் வழி எளிது. சென்னையிலிருந்து திருவனந்தபுரம் மெயிலும் ஆலப்புழை விரைவு வண்டியும் இரவில் புறப்பட்டுக் காலையில் எர்ணாகுளம் சேர்கின்றன. காரைக்காலில் கிளம்பும் வண்டி தஞ்சாவூர், திருச்சி, கரூர், ஈரோடு, கோயம்புத்தூர் வழியாக வருகிறது. வேளாங்கண்ணி வண்டி செங்கோட்டை, புனலூர் வழியாக மலை தாண்டி வருகிறது. மதுரைக்காரர் காரில் வருவதானால் தேனி, போடி, மூணாறு வழியாக வரும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே நேர்வழி. அச்சாலையின் கிழக்கு முனை இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டி. இரு கடல்களின் பழந்துறைகளை அது இணைக்கிறது.

எர்ணாகுளத்தில் இறங்கியதும் ஆட்டோ பிடித்துப் பாலங்களைக் கடந்து மட்டாஞ்சேரிக்கு வருவது பலர் செய்யும் பிழை. துறைமுக ஊரைத் தண்ணீர் வழியாகத்தான் அணுக வேண்டும். மாநில நீர்ப்போக்குவரத்துத் துறையின் பழைய படகுகள் எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து சில ரூபாய்க் கட்டணத்தில் காயலைக் கடந்து செல்கின்றன. வாட்டர் மெட்ரோ என்னும், மின்கலத்தில் ஓடும் குளிரூட்டப்பட்ட படகுச் சேவை 2023 ஏப்ரலில் தொடங்கி, அடுத்த ஆண்டு கோட்டைக் கொச்சிக்கும் 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் நீட்டிக்கப்பட்டது. வழியில் எதிர்ப்படும் வில்லிங்டன் தீவின் பெரும்பகுதி இயற்கையானது அன்று. 1920இல் கொச்சிக்கு வந்த ஆங்கிலப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி ஆழப்படுத்தி, தோண்டிய மண்ணைக் கொட்டியே அந்தத் தீவைப் பெருக்கினார். 1928 மே மாதத்தில் 'பத்மா' என்னும் நீராவிக் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தபோது பிளினி சொன்ன குறை ஏறத்தாழப் பத்தொன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் தீர்ந்தது.

அந்தத் தீர்வே மட்டாஞ்சேரியின் தளர்ச்சிக்கும் தொடக்கமாயிற்று. கப்பல்கள் வெளிக்கடலில் நின்ற காலத்தில், சரக்கை ஏற்றிய வள்ளங்கள் மட்டாஞ்சேரிக் கடவுகளிலிருந்தே புறப்பட்டன. சந்தைச் சாலையின் காயல் பக்கத்துப் பண்டகசாலைகள் ஒரு வாசல் தெருவுக்கும் மறு வாசல் தண்ணீருக்கும் திறக்கும்படி கட்டப்பட்டதன் காரணம் இதுவே. பெரிய கப்பல்கள் தீவின் மேடைகளில் கட்டத் தொடங்கியதும் வேலையும் பணமும் அங்கே நகர்ந்தன. அங்கே வேலை கிடைப்பதற்கு இருந்த முறைக்குச் சப்பா என்று பெயர்: ஒப்பந்தக்காரரின் ஆள் உலோக வில்லைகளைக் கூட்டத்தின் மீது வீசுவான், அடித்துப் பிடித்து வில்லையைக் கைப்பற்றியவனுக்கே அன்று கூலி வேலை. இம்முறையை ஒழிக்கக் கோரி நடந்த போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை சுட்டதில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ராஜீவ் ரவி இயக்கி 2023இல் வெளியான 'துறமுகம்' என்னும் மலையாளப் படம் இந்தக் கதையைச் சொல்கிறது. புறப்படுமுன் அதைப் பார்த்துவிடுவது எந்தப் பயணக் கையேட்டைப் படிப்பதையும்விடப் பயன் தரும்.

மட்டாஞ்சேரியின் நடுவில், ஒன்றன் முதுகில் ஒன்று சாய்ந்ததுபோல மூன்று கட்டடங்கள் நிற்கின்றன: அரண்மனை, அதன் வளாகத்துப் பழயன்னூர் பகவதி கோயில், யூதர்களின் தொழுகைக்கூடம். டச்சு அரண்மனை என்று பெயர் பெற்றிருந்தாலும் அரண்மனையைக் கட்டிக் கொச்சி அரசர் வீரகேரள வர்மருக்கு 16ஆம் நூற்றாண்டின் நடுவில் அளித்தவர்கள் போர்த்துக்கீசியர். டச்சுக்காரர்கள் பின்னால் பழுதுபார்த்தவர்கள் மட்டுமே. வெளியில் வெறும் வெள்ளைச் சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்ட, அரண்மனை என்று நம்புவதற்கே தயங்கும் எளிய கட்டடம் இது. உள்ளே அரசரின் படுக்கையறைச் சுவர்களில் இராமாயணம் முழுதும் தீட்டப்பட்டிருக்கிறது. காவியும் மஞ்சளும் பச்சையும் மேலோங்கிய கேரளச் சுவரோவிய மரபில், உருவங்களுக்கிடையே வெற்றிடமே விடாமல் நிரப்பியிருக்கும் முறையைத் தஞ்சை நாயக்கர் கால ஓவியங்களைப் பார்த்துப் பழகிய கண்கள் உடனே வேறுபடுத்தி அறியும். ஒரு மணி நேரமாவது நின்று பார்க்க வேண்டிய அந்த அறையைப் பெரும்பாலான குழுக்கள் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுகின்றன.

தொழுகைக்கூடம் 1568இல் கட்டப்பட்டது. அரசர் தம் அரண்மனைக்கு அடுத்தே நிலம் கொடுத்ததில் பாதுகாப்பு அளிக்கும் எண்ணமும் இருந்திருக்க வேண்டும். 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டு, சில ஆண்டுகளில் போர்த்துக்கலிலும் கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளானபோது, அவர்களில் சிலர் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரை வழியாகக் கொச்சி வந்து சேர்ந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தோர் என்னும் பொருளில் பரதேசி யூதர் என்று பெயர் பெற்றவர்கள் இவர்கள். துரத்திய போர்த்துக்கீசியர் இங்கும் கோட்டை கட்டி அமர்ந்திருந்தது அவர்கள் ஊழின் கொடுமை. 1662இல் போர்த்துக்கீசியரால் சிதைக்கப்பட்ட கூடம், டச்சுக்காரர்கள் வந்தபின் 1664இல் மீண்டும் எழுப்பப்பட்டது. சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்தவரும் டச்சுக் கம்பெனியின் முதன்மை வணிகருமான எசக்கியேல் ரஹாபி, 18ஆம் நூற்றாண்டில் மணிக்கூண்டையும், தரையில் பதித்த நீலவண்ணச் சீன ஓடுகளையும் சேர்த்தார். கையால் தீட்டப்பட்டவை ஆதலால் அவ்வோடுகளில் ஒன்றைப்போல் மற்றொன்று இராது.

பரதேசி யூதர்களுக்கு நெடுங்காலம் முன்பே மலபார் யூதர்கள் இக்கரையில் வாழ்ந்தார்கள். சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழக் கி.பி. 1000இல் ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு 72 உரிமைகளையும் அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் தலைமையையும் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் எழுதப்பட்டது. தமிழ்க் கல்வெட்டுகளில் பழகியவருக்கு அதன் மொழி அந்நியமாகத் தோன்றாது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்களைச் சமமாக அமரவிடாத ஏற்றத்தாழ்வு பரதேசிக் கூடத்தில் இருபதாம் நூற்றாண்டிலும் நிலவியது என்பதையும், ஏ. பி. சேலம் என்னும் வழக்கறிஞர் அறப்போராட்ட முறையில் அதை எதிர்த்துத் தளர்த்தினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அடைக்கலம் தேடி வந்தவர்களும் ஊரின் சாதிப் பழக்கத்தை எளிதில் கற்றுக்கொண்டார்கள்.

1968இல் கூடத்தின் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்தார். அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. அதற்குள் கேரள யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டிருந்தார்கள். கூட்டுத் தொழுகைக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேராவது வேண்டும் என்பது யூத மரபு; மின்யான் எனப்படும் அந்த எண்ணிக்கையை உள்ளூரிலிருந்து நிரப்ப இன்று வழியில்லை. யூதத் தெருவின் வீடுகளில் இப்போது இருப்பவை பழம்பொருள் கடைகளும் காஷ்மீரத்துச் சால்வைக் கடைகளும். மத்தியதரைக் கடலோரத்தின் பல ஊர்களிலும் இதே காட்சியைக் காணலாம்: வாழ்ந்தவர்கள் போய்விட, அவர்கள் பெயர் வணிகப் பலகையாக மிஞ்சும். தெருவைக் கடைவீதியாக மட்டும் பார்த்துத் திரும்புகிறவர் எதையும் பார்த்தவர் ஆகார்.

தெருவின் மறுகோடியில் மிளகு வணிகச் சங்கத்தின் கட்டடம் இருக்கிறது. முன்பேர வணிகம், அதாவது விளையப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசும் முறை, இங்கே 1957 முதல் நடந்தது. தரகர்கள் கூவிக் கூவி விலை பேசிய கூடம் கணினி வந்தபின் அமைதியாகிவிட்டது. சந்தைச் சாலையில் அரிசி, வெங்காய மண்டிகளுக்கு இடையே மிளகும் சுக்கும் ஏலமும் இன்னும் மூட்டை மூட்டையாக ஏறி இறங்குகின்றன. காலை வேளையில் அச்சாலையை மட்டாஞ்சேரியிலிருந்து கல்வத்தி வரை மெல்ல நடந்து கடப்பதற்கு இணையான அனுபவம் கொச்சியில் வேறு இல்லை. அருகில் உள்ள கூனன் குரிசுத் தலத்தில்தான், 1653 ஜனவரி 3 அன்று, மார்த்தோமா கிறித்தவர்கள் சிலுவையில் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு போர்த்துக்கீசியரின் சமய அதிகாரத்துக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று சூளுரைத்தார்கள்.

இச்சிறு பரப்பில் வாழும் சமூகங்கள் முப்பதுக்குக் குறையா எனக் கணக்கிடுவர். கோவாவிலிருந்து வந்த கொங்கணிகளுக்குத் திருமலை தேவஸ்வம் கோயில் இருக்கிறது; குஜராத்தித் தெருவின் சமணக் கோயிலில் நண்பகலில் புறாக்களுக்குத் தானியம் இறைக்கிறார்கள்; கச்சி மேமன்களும் தக்காணி முஸ்லிம்களும் தத்தம் மொழியை வீட்டுக்குள் காத்துவருகிறார்கள். காயல்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் மரபைச் சொல்லும் நயினா குடும்பத்தினர் கொச்சங்காடியில் உண்டு. தமிழர்களில் மிகவும் குறிப்பிடத்தக்கவர்கள் வெளி என்னும் பகுதியில் வாழும் வண்ணார் சமூகத்தினர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் துணி வெளுக்க அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் மரபுச் செய்தி. 1976இல் நகர வளர்ச்சிக் குழுமம் கட்டிக்கொடுத்த பொதுச் சலவைத்துறையில் அவர்கள் இன்றும் கையால் துவைத்து, கஞ்சி போட்டு, முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே துணியின் முனையைச் செருகிக் காயவைக்கிறார்கள். அவர்கள் பேச்சில் தமிழ் இன்னும் வாழ்கிறது. படம் எடுக்குமுன் அனுமதி கேட்பதும், சலவைக்குச் சில துணிகளைக் கொடுத்துக் கூலி தருவதும் அங்கு போகிறவர் காட்டத்தக்க மரியாதை.

உணவும் இந்தக் கலப்பின் கணக்கே. சீரகசாலை என்னும் சிற்றரிசியில் செய்து பேரீச்சம்பழ ஊறுகாயோடு பரிமாறும் பிரியாணிக்காக, மட்டாஞ்சேரி நியூ ரோட்டில் உள்ள காயீஸ் என்னும் ரஹ்மத்துல்லா ஹோட்டலை எர்ணாகுளத்துக்காரர்களே தேடி வருவார்கள். அது நண்பகலுக்குரிய உணவு, தாமதித்தால் கிடைக்காது. மாலையில் எலுமிச்சை பிழிந்த சுலைமானித் தேநீர். பரதேசி யூதர் வீடுகளில் கோழியிறைச்சியும் முட்டையும் பொதிந்து பொரித்த பாஸ்டல் என்னும் பண்டம் ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து வந்தது. இன்று அது கடைகளில் கிடைப்பதில்லை. கேரளத்தின் பழம்பாடகர் மெஹபூப், கஜல் பாடகர் உம்பாயி போன்றோரைத் தந்த ஊர் ஆதலால், இரவில் ஏதேனும் மாடியில் ஹார்மோனியம் ஒலித்தால் அழைப்பில்லாமலே அமரலாம்.

கோட்டைக் கொச்சிக்கு ஒரு மாலையும் ஒரு காலையும் போதும். சீனவலைகள், அதாவது மரச்சட்டத்தில் தொங்கும் பெரிய வலையைக் கல் எடைகளின் உதவியால் ஆறேழு பேர் சேர்ந்து தாழ்த்தி உயர்த்தும் கரைவலைகள், எண்ணிக்கையில் குறைந்து, தேக்குக்கு மாறாக இரும்புக் குழாய்களில் நிற்கின்றன. 1503இல் மரத்தால் எழுந்து 1516இல் கல்லால் கட்டப்பட்ட புனித பிரான்சிஸ் தேவாலயத்தில், 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவைப் புதைத்த இடம் காட்டப்படுகிறது. எலும்புகள் 1539இல் லிஸ்பனுக்குப் போய்விட்டன. கயிறு இழுத்து ஆட்டும் துணிப் பங்காக்கள் இன்னும் அங்கே தொங்குகின்றன. சாந்தா குரூஸ் பேராலயத்தின் உள்ளோவியங்களைத் தீட்டிய இத்தாலியத் துறவி அந்தோனியோ மொஸ்கேனி, 1905 நவம்பரில் ஆலயம் அர்ச்சிக்கப்படுவதற்குச் சில நாள் முன் இறந்துபோனார். பின்வாங்க இடமின்றி அலைகளால் அரிக்கப்பட்டுக் குறுகி, ஆகாயத்தாமரையும் குப்பையும் ஒதுங்கும் கோட்டைக் கொச்சிக் கடற்கரை குளிப்பதற்கு உரியதன்று என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கடலில் இறங்க விரும்புவோர் ஜங்கார் என்று ஊரார் அழைக்கும், வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் படகில் வைப்பின் தீவுக்குக் கடந்து, அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் வடக்கே செறாயிக் கடற்கரைக்குச் செல்வதே சரி.

செறாயிக்குப் போகும் நாளையே முசிறிக்கும் வைத்துக்கொள்ளலாம். வடக்குப் பறவூரிலும் சேந்தமங்கலத்திலும் மலபார் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் அருங்காட்சியகங்களாகக் காக்கப்படுகின்றன; கேரள வரலாற்றாய்வுக் கழகம் 2007 முதல் அகழ்ந்த பட்டணம் என்னும் சிற்றூரில் மத்தியதரைக் கடலோரத்து மதுச்சாடிகளின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. பெரியாற்றைக் கடந்தால் கொடுங்கல்லூர். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோட்டமே அங்குள்ள பகவதி கோயில் என்ற நம்பிக்கையும் அங்கு உண்டு. பட்டணத்தில் இன்று கண்ணுக்குத் தெரிவது தென்னந்தோப்பு மட்டுமே என்பதால், குழந்தைகளுக்கு முன்கூட்டியே கதை சொல்லி அழைத்துச் செல்வது நல்லது.

நாள்களின் வரிசையை ஓய்வுநாள்களே முடிவுசெய்யும். அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. தொழுகைக்கூடத்துக்கு வெள்ளி, சனி இரண்டையும் தவிர்ப்பது பாதுகாப்பு. முசிறிப் பகுதி அருங்காட்சியகங்கள் திங்களன்று மூடப்படும். ஞாயிறன்று சந்தைச் சாலை வெறிச்சோடும். ஆகவே சனி இரவு ரயிலேறி, ஞாயிறு முழுதும் கோட்டைக் கொச்சிக்கும், திங்களை மட்டாஞ்சேரிக்கும், செவ்வாயைச் செறாயிக்கும் பறவூருக்கும் வைத்து, புதன் காலையில் சலவைத்துறையையும் குஜராத்தித் தெருவையும் பார்த்துவிட்டு அன்றிரவு திரும்புவது பொருத்தமான திட்டம். தங்குவது எர்ணாகுளத்தின் உயர்மாடி விடுதிகளில் வேண்டாம். மட்டாஞ்சேரிக்கும் கோட்டைக் கொச்சிக்கும் இடைப்பட்ட வீட்டுத் தங்கல்களில் தங்கினால், வெயில் ஏறியதும் அறைக்குத் திரும்பி மாலையில் மீண்டும் இறங்க முடியும். ஏப்ரல் 14, 15ஐ ஒட்டிய விஷு நாள்களில் கடைகள் பல மூடியிருக்கும். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது; மே நடுவில் போக நினைப்பவர்கள் மார்ச் நடுவிலேயே சீட்டு எடுத்துவிட வேண்டும்.